அமர்வுதோறும் ஒரு தாள்: உளவியல் சிகிச்சை பற்றிய வாசகர் கேள்விகள்

உளவியல் சிகிச்சைக்கு வருபவரிடம் ஒவ்வொரு அமர்விலும் ஒரு சிறு வினாத்தாளைக் கொடுத்து, அவருடைய நிலை எப்படி மாறிவருகிறது என்பதை அவரிடமிருந்தே அறிந்து, அதற்கேற்பச் சிகிச்சையைத் திருத்திக்கொள்ளும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மருத்துவ உளவியலாளர் இங்கே பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: மூன்று மாதங்களாக மனச்சோர்வுக்குக் கவுன்சலிங் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் வரவேற்பறையில் ஒன்பது கேள்விகள் உள்ள ஒரு தாளைத் தருகிறார்கள், நிரப்பிக் கொடுக்கிறேன். உள்ளே மேடம் அதை ஃபைலில் வைத்துவிட்டு, "இந்த வாரம் எப்படிப் போச்சு?" என்று பேச்சைத் தொடங்கிவிடுகிறார். தாளைப் பார்த்ததாகவே தெரியவில்லை. அப்படியானால் நான் எதற்காக அதை நிரப்ப வேண்டும்? (வாசகி, கரூர்)

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது பிஎச்க்யூ-9 என்ற தாளாக இருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான இது, கடந்த இரண்டு வாரங்களில் நாட்டமின்மை, மனத்தளர்ச்சி, தூக்கக் கோளாறு, களைப்பு, பசி மாற்றம் முதலிய ஒன்பது தொல்லைகள் எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருகிறது. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் நடுத்தர அளவிலான மனச்சோர்வு என்றும், இருபதைத் தொட்டால் கடுமையானது என்றும் பொதுவாகக் கொள்வார்கள்.

முதல் நாளில் மட்டும் இதைக் கேட்டால், நோயின் அளவைத் தெரிந்துகொள்ள உதவும். அத்துடன் அதன் வேலை முடிந்தது. அமர்வுதோறும் கேட்கும்போது அது வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறது. உளவியல் சிகிச்சை பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக "இந்தச் சிகிச்சை சராசரியாக எத்தனை பேருக்குப் பலன் தருகிறது?" என்றே கேட்டுவந்தன. கென்னத் ஹோவர்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பவருக்குச் சராசரியால் ஆகப்போவது ஒன்றுமில்லை, "இந்தச் சிகிச்சை இந்த ஒருவருக்கு இப்போது பலன் தருகிறதா?" என்பதைத்தான் தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்று வாதிட்டார்கள். யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லாம்பர்ட் அதைச் செயல்முறையாக்கினார். அவருடைய குழு உருவாக்கிய ஓக்யூ-45 என்ற 45 கேள்விகள் கொண்ட தாளை ஆயிரக்கணக்கானோரிடம் நிரப்பி வாங்கி, இந்த மதிப்பெண்ணில் தொடங்குபவர் இத்தனையாவது அமர்வில் வழக்கமாக எந்த அளவுக்குத் தேறியிருப்பார் என்று ஒரு கோடு வரைந்துகொண்டார்கள். உங்கள் மதிப்பெண் அந்தக் கோட்டை ஒட்டிச் சென்றால் சிகிச்சையாளரின் கணினியில் பச்சை நிறம் தெரியும். சற்றே விலகினால் மஞ்சள். சிகிச்சையே தோற்றுவிடும் என்ற அளவுக்கு விலகினால் சிவப்பு.

இந்த முறையின் பயன் முழுவதும் அந்த மஞ்சளிலும் சிவப்பிலும்தான் இருக்கிறது. நன்றாகத் தேறிவருபவருக்குத் தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடில்லை. தேறாதவரைக் காலத்தோடு கண்டுபிடித்து, அவர் வருவதை நிறுத்திவிடும் முன் சிகிச்சையை மாற்றிக்கொள்ள முடிந்தால் அதுவே லாபம். அதற்குத் தாளைச் சிகிச்சையாளர் பார்க்க வேண்டும், பார்த்ததை உங்களிடம் பேச வேண்டும். நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்த தகவலைத் தாம் பயன்படுத்தியதாகச் சொன்ன சிகிச்சையாளர்களிடம் மட்டுமே, பின்தங்கிய நோயாளிகளுக்குப் பலன் தெரிந்தது. வாங்கி வைத்துக்கொண்டவர்களிடம் தெரியவில்லை. ஆகவே உங்கள் கேள்வி முற்றிலும் நியாயமானது.

அடுத்த முறை உட்கார்ந்த உடனே, "மேடம், முதல் நாளிலிருந்து இதுவரை என் மார்க் எப்படிப் போயிருக்கிறது என்று சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். அவர் உங்கள் ஃபைலைத் திறந்து, பழைய தாள்களை வரிசையாக எடுத்து வைத்தாலே போதும். 18, 17, 18, 16, 17 என்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தால், மூன்று மாதம் போன பிறகு அதைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசினாலும் அது வீண். நீங்கள் கேட்டும் அவர் பார்க்க மறுத்தால், தாளை நிரப்ப மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதே என் கருத்து.

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக ஆலோசகராக இருக்கிறேன். வருபவர் கதவைத் திறந்து உள்ளே வரும் நடையிலேயே அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அனுபவத்தை நம்பாமல் தாளை நம்பச் சொல்கிறீர்களே, இது எங்கள் தொழிலை இயந்திரமாக்கிவிடாதா? (ஆலோசகர், சென்னை)

பதில்: நடையைப் பார்த்துக் கணிக்கும் திறன் உங்களுக்கு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறன் எங்கே கைவிடுகிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். லாம்பர்ட்டின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையில் இருந்த 550 பேரைப் பற்றி, இவர்களில் யார் யார் வந்தபோது இருந்ததைவிட மோசமான நிலையில் சிகிச்சையை முடிப்பார்கள் என்று அவர்களுடைய சிகிச்சையாளர்களிடமே கேட்டார்கள். வழக்கமாக நூற்றில் எட்டுப் பேருக்கு அப்படி நேரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எல்லாச் சிகிச்சையாளர்களும் சேர்ந்து சுட்டிக்காட்டியது மொத்தம் மூன்று பேரை. உண்மையில் மோசமானவர்கள் நாற்பது பேர். சுட்டிய மூவரிலும் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார். அதே நோயாளிகள் நிரப்பிய தாள்களை வைத்துக் கணக்குப் போட்ட சூத்திரமோ அந்த நாற்பதில் பெரும்பாலோரை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டது.

அனுபவசாலிகள் எப்படி இவ்வளவு தவறினார்கள்? அவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். தன் கையில் ஒருவர் நலிந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்க எந்தச் சிகிச்சையாளருக்கும் மனம் வருவதில்லை. இன்று அழுதுவிட்டுப் போனால், அடைபட்டிருந்தது வெளியே வந்தது நல்லதுக்கே என்று எடுத்துக்கொள்கிறோம். இரண்டு வாரம் வராமல் போனால், தேறிவிட்டார் போலும் என்று எண்ணிக்கொள்கிறோம். திரும்பி வராதவர் யாரும் ஏன் வரவில்லை என்று நமக்கு எழுதி அனுப்புவதில்லை என்பதால், நம் தவறுகள் நம் கண்ணில் படாமலே மறைந்துவிடுகின்றன. ஆண்டுகள் கூடக் கூட நம்பிக்கை கூடும். கணிப்பு கூர்மையாக வேண்டுமானால் அது தவறிய இடம் நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? 2012இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில் 129 சிகிச்சையாளர்களிடம், சக தொழிலாளர்களோடு ஒப்பிட்டால் உங்கள் திறமை எங்கே நிற்கும் என்று கேட்டபோது, ஒருவர்கூடத் தம்மைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை. நான்கில் ஒருவர் தம்மை முதல் பத்துச் சதவீதத்தில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் இதே கேள்வியைக் கேட்டால் விடை வேறாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இயந்திரமாகிவிடுமோ என்ற கவலைக்கு வருகிறேன். சர்க்கரை நோய் மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பதால் அவருடைய அனுபவம் மதிப்பிழந்துவிடுவதில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுப்பது அவருடைய அனுபவமே. தாள் சொல்வது "இவர் தேறவில்லை" என்பது மட்டும். ஏன் தேறவில்லை என்பதையோ, இனி எதை மாற்றுவது என்பதையோ அது சொல்லாது. அந்த இடத்தில் உங்கள் பதினைந்து ஆண்டுகள் தேவைப்படும்.

கேள்வி: பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை எடுக்கிறேன். தொடங்கியபோது 11ஆக இருந்த ஸ்கோர் நான்காவது செஷனில் 16 ஆகிவிட்டது. நன்றாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தவன், அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து தூக்கமே வரவில்லை. சிகிச்சை என்னை மோசமாக்குகிறதா? (வாசகர், திருப்பூர்)

பதில்: ஒரே ஒரு முறை ஏறிய எண்ணை வைத்து அந்த முடிவுக்கு வர வேண்டாம். இந்தத் தாளில் ஓரிரு மதிப்பெண் ஏறுவதும் இறங்குவதும் வாராவாரம் நடக்கக்கூடியது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில், பிஎச்க்யூ-9இல் ஆறு மதிப்பெண்ணாவது மாறினால்தான் அதை நம்பத்தக்க மாற்றம் என்று கணக்கில் எடுக்கிறார்கள். பதற்றத்தை அளக்கும் ஜிஏடி-7இல் நான்கு. உங்கள் ஸ்கோர் பிஎச்க்யூ-9 தாளுடையது என்று கொண்டால், ஐந்து ஏறியிருக்கிறது. எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் புறந்தள்ளவும் கூடாது, பயப்படவும் தேவையில்லை. அடுத்த அமர்வுவரை காத்திராமல் சிகிச்சையாளரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் வழிமுறை உண்டு. லாம்பர்ட்டின் குழுவினர், சிவப்பு நிறம் விழுந்தவரிடம் நிரப்பச் சொல்வதற்கென்றே தனியாக இன்னொரு தாளைத் தயாரித்தார்கள். அது நான்கு திசைகளில் தேடுகிறது. சிகிச்சையாளருக்கும் வருபவருக்கும் இடையிலான உறவு எப்படி இருக்கிறது. மாற வேண்டும் என்ற விருப்பம் வருபவரிடம் எவ்வளவு இருக்கிறது. வீட்டிலும் வெளியிலும் அவருக்குத் துணை நிற்பவர்கள் யார். இடையில் வாழ்க்கையில் ஏதேனும் பெரிதாக நடந்துவிட்டதா. உங்கள் விஷயத்தில் இந்த நான்காவது கேள்வியிலிருந்து தொடங்கலாம். இந்த நான்கு வாரத்தில் வேலையில், கடனில், உடல்நலத்தில், குடும்பத்தில் என்ன நடந்தது என்று நீங்களே ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மருந்தை மாற்றியிருந்தாலோ நிறுத்தியிருந்தாலோ அதையும் எழுதுங்கள். அதை மனநல மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் இல்லை என்றால் அடுத்த சந்தேகம் சிகிச்சைமுறையின் மேல் விழும். அப்போது முறையை மாற்றுவதா, அமர்வுகளை நெருக்கமாக வைப்பதா, வேறொருவரிடம் அனுப்புவதா என்று அவர் உங்களோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். முதல் நாளில் அறிமுகமில்லாதவர் முன் குறைத்துச் சொல்லிவிட்டு, நம்பிக்கை வந்த பிறகு உள்ளதை உள்ளபடி குறிப்பவர்கள் ஏராளம். அப்படியானால் 16 என்பது இறங்குமுகம் ஆகாது. உங்கள் உண்மையான தொடக்கமே அதுதான்.

கேள்வி: என் ஆலோசகர் மிகவும் நல்லவர். ஆனால் அவர் கொடுக்கும் பயிற்சிகள் எனக்கு ஒத்துவரவில்லை. செஷன் முடிந்ததும் "இன்னைக்கு உபயோகமா இருந்ததாம்மா?" என்று கேட்பார். "ரொம்ப நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வயதில் மூத்தவர், மனம் நோகும்படி எப்படிச் சொல்வது? (வாசகி, மதுரை)

பதில்: வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இதுதான். வெளிநாட்டு ஆய்வுகளைப் படித்துவிட்டு இந்த முறையை இங்கே கொண்டுவருபவர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கலும் இதுவே. மருத்துவரிடம் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று வளர்ந்திருக்கிறோம். கட்டணம் வாங்காத அரசு மருத்துவமனை என்றால் நன்றிக்கடனும் சேர்ந்துகொள்கிறது. "பரவாயில்லை டாக்டர்" என்பதற்கு நம்மிடையே எத்தனை பொருள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். வாய்விட்டுக் கேட்டால் வாய்விட்டுப் பொய் சொல்லும் கட்டாயத்துக்கு வருபவர் ஆளாகிறார். தாளுக்கு அந்தக் கூச்சம் சற்றுக் குறைவு.

இதற்கென்றே ஸ்காட் மில்லர், பாரி டங்கன் ஆகிய அமெரிக்க உளவியலாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் உருவாக்கிய ஒரு சிறு தாள் உண்டு; எஸ்ஆர்எஸ் என்று சொல்வார்கள். அதில் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு கோடுகள் மட்டுமே இருக்கும். நான் சொன்னது காதுகொடுத்துக் கேட்கப்பட்டதா, நான் பேச விரும்பியதைப் பேசினோமா, இவருடைய முறை எனக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் இன்றைய அமர்வு சரியாக இருந்ததா என்ற நான்குக்கும், மோசம் என்றால் இடது ஓரத்திலும் நன்று என்றால் வலது ஓரத்திலுமாக, கோட்டின் மேல் ஒரு சிறு கீறல் போட வேண்டும். ஆலோசகர் அடிக்கோல் வைத்து அளந்து கூட்டுவார். மொத்தம் 40. கூட்டுத்தொகை 36க்குக் கீழே வந்தால், அன்றே, எழுந்து போவதற்கு முன்பே, அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி. 36 என்பது மிக உயர்ந்த எல்லையாகத் தோன்றலாம். எங்குமே மனிதர்கள் இந்தத் தாளில் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறார்கள் என்பதால், சற்றுக் குறைந்தாலும் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்களைப் பொறுத்தவரை மூன்றாவது கோடுதான் விஷயம். நான்கில் மூன்றில் வலது ஓரத்தில் கீறிவிட்டு, மூன்றாவதில் மட்டும் நடுவில் கீறினால் போதும். ஒரு சொல்லும் பேசாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறீர்கள். அனுபவமுள்ள ஆலோசகர் அதைப் பார்த்ததும், "இதைக் குறித்ததற்கு நன்றி. எந்தப் பயிற்சி கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்பார். இந்தத் தாளைப் பயன்படுத்தக் கற்றுத்தருபவர்கள், தொடர்ந்து 40க்கு 40 வாங்கும் சிகிச்சையாளரைப் பாராட்டுவதில்லை. வருபவரைக் குறை சொல்லவைக்க இன்னும் தெரியவில்லை என்றே கருதுகிறார்கள்.

உங்கள் ஆலோசகரிடம் இந்தத் தாள் இல்லையென்றால், ஒரு வெள்ளைத்தாளில் இரண்டே வரி எழுதிக் கொடுங்கள்: "நீங்கள் பேசுவது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால் மூச்சுப் பயிற்சியை வீட்டில் செய்ய முடியவில்லை, வேறு ஏதாவது சொல்லித்தாருங்கள்." நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்லவர் இதற்கு நோகமாட்டார். நொந்தால், அதுவும் உங்களுக்குத் தெரியவேண்டிய செய்திதான். ஆலோசகர்களுக்கும் ஒன்று: "உபயோகமா இருந்ததா?" என்று கேட்காதீர்கள். "இன்று எது உபயோகப்படவில்லை?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு நம்மிடம் ஒரே பதில்தான் உண்டு.

கேள்வி: சென்ற இதழில் இந்த முறையைப் புகழ்ந்திருந்தீர்கள். இதனால் நோயாளிகள் உண்மையிலேயே அதிகம் குணமடைகிறார்கள் என்பதற்கு ஆதாரம் என்ன? வெளிநாட்டில் கிளம்பிய இன்னொரு நாகரிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: ஆதாரம் இருக்கிறது, ஆனால் விளம்பரங்களில் சொல்லப்படும் அளவுக்கு இல்லை. நார்வேயில் கணவன் மனைவியாகச் சிகிச்சைக்கு வந்த 205 இணைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், தாளைப் பயன்படுத்திய குழுவில் குறிப்பிடத்தக்க அளவு தேறியவர்கள் மற்றக் குழுவைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தார்கள். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டங்கன் அந்தத் தாளை உருவாக்கியவர்களிலும் ஒருவர் என்பதை அவர்களில் பலர் சொல்வதில்லை. தன் சரக்கைத் தானே எடைபோட்டதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் வேறொருவர் எடைபோடும்வரை பொறுத்திருப்பது நல்லது.

வேறு பலர் எடைபோட்டார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுமம் 2016இல் 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, மொத்த நோயாளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் தெளிவான வேறுபாடு இல்லை என்றது. 2021இல் 58 ஆய்வுகளைத் திரட்டிய இன்னொரு தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் அளவில் சிறியது என்றும், சிகிச்சையைப் பாதியில் விடுவது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது என்றும் கண்டது. இங்கிலாந்தில் 2,233 நோயாளிகளிடம் நடத்தி 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு, பின்தங்கியவர்களைச் சிகிச்சையாளருக்குச் சுட்டிக்காட்டியபோது அவர்களுடைய நோய்க்கடுமை கூடுதலாகக் குறைந்ததைக் காட்டியது. மாறாக, ஆம்ஸ்டர்டாமில் மனநல அவசரச் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இதே முறையைக் கையாண்டபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. அதில் எனக்கு வியப்பில்லை. நெருக்கடியின் உச்சத்தில் வருபவரிடம் கோட்டின் மேல் கீறச் சொல்வது பொருந்தாத செயல்.

ஆகவே என் நிலை இது: இது அதிசயம் அன்று. ஒரு தாளும் இரண்டு நிமிடமும் மட்டும் செலவாகிற ஒன்று, சிகிச்சையைக் கைவிட இருந்த சிலரைத் தடுத்து நிறுத்துமானால், பலன் சிறிது என்பதற்காக அதை ஒதுக்கிவிட நான் தயாரில்லை.

உங்கள் சந்தேகத்துக்கு நான் அதிக மதிப்புத் தரும் இடம் வேறு. இங்கிலாந்தில் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயார்டும் உளவியலாளர் டேவிட் கிளார்க்கும் முன்னின்று 2008இல் தொடங்கிய பொது உளவியல் சிகிச்சைத் திட்டத்தில், ஒவ்வோர் அமர்விலும் தாள் நிரப்புவது கட்டாயம். முதல் நாளிலும் கடைசி நாளிலும் மட்டும் கேட்டால், பாதியில் போனவர்களின் கணக்கு விடுபட்டு, திட்டம் உண்மையைவிட அழகாகத் தெரிந்துவிடும் என்பது காரணம். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் பாதிப்பேராவது குணமடைய வேண்டும் என்று இலக்கு வைத்து, ஊர்வாரியாக முடிவுகளையும் வெளியிடத் தொடங்கினால் என்ன ஆகும்? குணமடைதல் என்றால் மனச்சோர்வு 10க்குக் கீழேயும் பதற்றம் 8க்குக் கீழேயும் இறங்குவது என்று வரையறை. 10இல் வந்து 9இல் போனவர், பதற்றமும் எல்லைக்குள் இருந்தால், குணமானவர். 24இல் வந்து 12இல் போனவர், வேலைக்குத் திரும்பி, பிள்ளைகளோடு பேசத் தொடங்கியிருந்தாலும், அந்தக் கணக்கில் குணமாகாதவர். இதைச் சரிக்கட்டத்தான் முன்பு சொன்ன ஆறு மதிப்பெண் விதியையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இருந்தாலும் மேலதிகாரிக்குக் காட்டுவதற்காக வாங்கும் தாளும் நோயாளிக்காக வாங்கும் தாளும் ஒன்றாக இருக்க முடியாது. இங்கே எந்த மருத்துவமனையாவது இந்த மதிப்பெண்ணை வைத்து ஆலோசகரின் சம்பள உயர்வை முடிவு செய்யத் தொடங்கினால், அன்றோடு தாளில் உண்மை இருக்காது.

கேள்வி: என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நெஞ்சு அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது" என்பதைத் தவிர மனசைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். அவரைப் போன்றவர்களுக்கு இந்த முறை எப்படிப் பயன்படும்? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: தாள் என்று சொல்கிறோமே தவிர, கேட்டு எழுதிக்கொள்வதும் அதே முறைதான். கோவாவின் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு, மனநலப் படிப்புப் படிக்காத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் ஆலோசனை தரச்செய்த திட்டத்தைப் பற்றி 2017இல் லான்செட் இதழில் ஆய்வறிக்கை வந்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேல் முதலியோர் நடத்திய அந்தத் திட்டத்தில் ஆலோசகர்கள் பிஎச்க்யூ-9 கேள்விகளை அமர்வுதோறும் கேட்டுப் பதிவு செய்து, யார் தேறவில்லை என்று பார்த்துவந்தார்கள். அந்தத் தாளின் தமிழ் வடிவமும் கிடைக்கிறது. நீங்களோ வேறு உறவினரோ அருகில் இல்லாதபோது கேட்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். மகன் முன்னால் மருமகளைப் பற்றிய வருத்தம் வெளியே வராது.

ஆனால் ஒன்பது கேள்விகளும் உங்கள் தாயாரின் துன்பத்தைத் தொடாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்கு, தொல்லை எது என்று நாமே முடிவு செய்யாமல் அவரையே சொல்லச் சொல்லும் தாள் பொருத்தமானது. இங்கிலாந்தில் உருவான சைக்ளாப்ஸ் என்பது அவ்வகை. உங்களை மிகவும் வாட்டுவது எது, அடுத்தது எது, அதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று 0 முதல் 5 வரை குறித்துக்கொள்வார்கள். இந்த வாரம் மொத்தத்தில் எப்படி இருந்தீர்கள் என்பது நான்காவது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைத் திட்டம் ஒன்றைப் பாகிஸ்தானின் பெஷாவரில் சோதித்தபோது இதையும் பயன்படுத்தினார்கள். உங்கள் தாயாரின் தாளில் "உடம்பு எரியுது", "ராத்திரி நெஞ்சு அடைக்குது", "கோயிலுக்கு நடந்து போக முடியலை" என்று இருக்கும். எண்ணைச் சொல்ல வராவிட்டால், மேசையில் ஐந்து புளியங்கொட்டைகளை வைத்து, எத்தனை என்று எடுத்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு முன், நெஞ்சடைப்புக்கு இதயப் பரிசோதனை செய்தாகிவிட்டதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசிக் கேள்வியில் சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று கேட்கிறார்கள். சில நாட்கள் வருகிறது. ஆனால் குறித்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களோ, போலீஸ் வரை போகுமோ என்று பயந்து எப்போதும் 0 போடுகிறேன். (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: உண்மையைக் குறியுங்கள். அந்த ஒரு குறியை வைத்து யாரையும் மருத்துவமனையில் சேர்ப்பதில்லை. அதைப் பார்த்த சிகிச்சையாளர் அன்றே உங்களோடு தனியாகப் பேச வேண்டும்: எண்ணம் மட்டும் வந்துபோகிறதா, வழி ஏதும் யோசித்திருக்கிறீர்களா, உங்களைத் தடுத்து நிறுத்துவது எது, வீட்டில் யாரிடம் சொல்லலாம் என்றெல்லாம் கேட்டு, இருவரும் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள். ஒருவருடைய சம்மதமின்றி அனுமதிப்பதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கடுமையான நிபந்தனைகளை வைத்திருக்கிறது. எண்ணம் வருவது குற்றமே அன்று. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த அமர்வுக்கு முன் எண்ணம் வலுத்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் தனியாக இருக்காமல், அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். இந்தக் கடிதத்தை எங்களுக்கு எழுத முடிந்த உங்களால் உங்கள் சிகிச்சையாளரிடமும் இதே வரிகளைக் காட்ட முடியும்.

கேள்வி: நான் வேலை பார்க்கும் ஐ.டி. நிறுவனமே ஊழியர்களுக்கு ஆலோசகரை ஏற்பாடு செய்திருக்கிறது. செஷனுக்கு முன் மொபைல் ஆப்பில் கேள்விகளுக்குப் பதில் அளிக்க வேண்டும். அந்த ஸ்கோர் எச்.ஆர். பார்வைக்குப் போகுமா? (வாசகி, கோவை)

பதில்: போகக் கூடாது. மனநலச் சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையை மேற்சொன்ன சட்டத்தின் 23ஆம் பிரிவு தருகிறது; உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளே உண்டு, வேலை தருபவர் அவற்றில் இல்லை. உங்கள் சிகிச்சைப் பதிவுகளை நீங்கள் கேட்டுப் பெறும் உரிமை 25ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஆப் நடத்தும் நிறுவனம் உங்கள் நிறுவனத்தோடு என்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எத்தனை பேர் சேவையைப் பயன்படுத்தினார்கள் என்ற மொத்த எண்ணிக்கையைத் தருவது வேறு. பத்துப் பேர் உள்ள ஒரு குழுவின் சராசரி ஸ்கோரைத் தருவது வேறு, அதிலிருந்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே ஆலோசகரிடம் மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் கேளுங்கள்: என் பதில்களை யார் யார் திறந்து பார்க்க முடியும், நிறுவனத்துக்கு எந்த வடிவில் அறிக்கை போகிறது, நான் வேலையை விட்டால் அவற்றை அழிப்பீர்களா. பதில் வரும்வரை ஆப்பில் நிரப்பாமல், அதே கேள்விகளை அமர்வின்போது வாயால் கேட்டுத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும்படி அவரிடம் சொல்லலாம். பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 0 போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.